கிராணி வீட்டம்மா

அன்புள்ள ஐயா,
2017இல் ஹலிமா யாக்கோப் சிங்கப்பூர் அதிபரானபோது அவருடைய கணவரைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு வந்தது. 'முதல் பெண்மணி'க்கு இணையாக 'முதல் ஆண்மகன்' என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சரியான சொல் எது? பிரதமரின் மனைவிக்கும் அந்த மரியாதை உண்டா?
ர., ஈசூன்

அன்புள்ள ர.,

நானும் சிரித்தேன். 'ஆண்மகன்' என்றால் காளையை அடக்கப் போகிறவர் போல இருக்கிறது. 'துணைவர்' போதும். பிரதமர் விஷயம் நெறிமுறை அதிகாரிகளின் தலைவலி, அவர்களிடமே இருக்கட்டும். 'முதல் பெண்மணி' அமெரிக்காவில் வாங்கிய இரவல். நம் காதுக்கு 'முதல்' என்றதும் இரண்டாவது தாரம் எங்கே என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் இவ்வளவு கவலைப்பட்டு எழுதிய கடிதத்தில் அந்த மனிதரின் பெயர் ஓரிடத்திலாவது உண்டா? முகம்மது அப்துல்லா அல்ஹப்ஷி. எழுதிப் பழகுங்கள்.

நம் முதல் பிரதமர் லீ குவான் யூவின் மனைவி குவா கியோக் சூ, 1955இல் லீ அண்ட் லீ சட்ட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நமக்கோ கடைசிவரை திருமதி லீ. மலாய்க்காரர்களைப் பாருங்கள். முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் மனைவி, புவான் நூர் ஆயிஷா. மரியாதைக்கு ஒரு 'புவான்', அடுத்தது அவருடைய சொந்தப் பெயர். அடுத்த வீட்டிலேயே இருந்தும் இதை நாம் கற்கவில்லை. இன்றும் கல்யாணப் பத்திரிகையின் உறை மேல் 'திரு, திருமதி' போட்டுக் கணவர் பெயரோடு பேனாவை மூடிவிடுகிறோம். நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள், மறுக்காதீர்கள்.

என் அப்பா கிராணி, அதாவது குமாஸ்தா. தோ பாயோவில் என் அம்மா நாற்பது ஆண்டுகள் 'கிராணி வீட்டம்மா'. அப்பா ஓய்வுபெற்ற பிறகும் அதுதான். அடையாள அட்டையில் மட்டும் இன்னாரின் மகள் பாக்கியம் என்று முழுசாக இருந்தார். ஒருநாள் பலதுறை மருந்தகத்தில் சீனத் தாதி ஒருவர் அட்டையைப் பார்த்து "மேடம் பக்யாம்" என்று மூன்று முறை கூப்பிட்டார். அம்மா யாரையோ என்று உட்கார்ந்திருந்தார். நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன். வீடு வரும்வரை, "பக்யாமாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த முறை போனபோது வரிசை எண் காட்டும் திரை வைத்திருந்தார்கள். அம்மா திரையைப் பார்க்கவில்லை. தாதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.