ஜெய்சல்மேர் போகும் முன் ஜிம்னியின் ஏறுதிறனைச் சோதிப்பது

அண்ணே, திருமங்கலம் பக்கம் கல் மேட்டில் சும்மா ஏறிய உங்கள் மாருதி சுஸுகி ஜிம்னி (நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டி), தேரி என்னும் செம்மணல் மேட்டில் பாதியிலேயே புதைந்துவிட்டது, இன்ஜினில் பவர் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இன்ஜினைச் சந்தேகப்படாதீர்கள். கல்லில் டயருக்குப் பிடி கிடைக்கும், மெதுவாக ஊர்ந்தாலும் ஏறிவிடலாம். மணலில் வேகம் குறைந்த இடத்திலேயே சக்கரம் குழி தோண்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் டயர் காற்றைக் குறையுங்கள். 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மணல் மேல் மிதக்கும். பாதி வித்தியாசம் இதிலேயே தெரிந்துவிடும். ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிரப்ப கம்ப்ரஸர் கட்டாயம்.

அப்புறம் கியர். அந்த 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் 134 நியூட்டன் மீட்டர் இழுவை முழுசாக வருவதே 4000 ஆர்பிஎம்மில்தான், அதனால் ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு சுழலும் நிலை) இரண்டாவது கியரில் கிளம்பி, சமதளத்திலேயே மூன்றாவதுக்கு மாற்றிவிட்டு ஏறுங்கள், ஏற்றத்தின் நடுவில் கிளட்சை மிதித்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நின்றுவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் நேராக இறங்குங்கள். சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும், இதில் மட்டும் விளையாடவே வேண்டாம்.

சோதிக்கும்போது ஒரே மேட்டில், ஒரே இடத்திலிருந்து கிளம்பி, டயர் காற்றின் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் காற்று வீசும் பக்கம் சரிவு குறைவு, மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல், பொலபொலவென்று சரியும். உச்சிக்குப் போகும் முன் இறங்கி நடந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.