மண்ணும் கிளையும் டப்பாவில் கிடக்கின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி: வெள்ளத்தில் எங்கள் வீடு போய்விட்டது. இப்போது வேறு ஊரில் வாடகைக்கு இருக்கிறோம். கடைசியாகப் போனபோது வாசல் மண்ணில் கொஞ்சமும் முற்றத்து மரத்தில் ஒரு கிளையும் எடுத்து வந்தேன். இவற்றை வைத்து ஏதாவது செய்ய ஆசை. எனக்கு வரையத் தெரியாது. ‘நடந்ததை வரைந்து பார், பாரம் குறையும்’ என்கிறாள் தோழி. அப்படித்தான் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாதிக்கப்பட்டவரை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. வரையச் சொல்வதற்கும் அது பொருந்தும் என்பேன். தானாகத் தோன்றினால் வரையுங்கள். தோன்றாமலே போனாலும் குறை ஒன்றுமில்லை.

மண்ணில் தொடங்குங்கள். வெள்ள மண்ணில் சாக்கடை கலந்திருக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உலர்ந்த மண்ணை இடித்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீரில் கரைத்துச் சற்று விட்டால் கல்லும் மணலும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் ஒரு நாள் வையுங்கள். தெளிந்த நீரை இறுத்தால் நைசான வண்டல் கிடைக்கும். நீரில் ஊறவைத்த வேலம்பிசினை அதில் குழைத்தால் வண்ணம் தயார்.

அப்புறம், இப்போது இருக்கும் வீட்டுப் பக்கத்து மண்ணிலும் இதையே செய்யுங்கள். முக்கியமாக நான் சொல்ல வருவது இதுதான். பழைய மண் கைப்பிடிதான், தீர்ந்துவிடும். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் தீற்றிப் பாருங்கள். இரும்பு அதிகமுள்ள மண் சிவக்கும், மட்கு அதிகமுள்ளது கறுக்கும். வீடிழந்தவர்களோடு உட்கார்ந்து மண் கரைத்திருக்கிறேன். பலர் பேசாமல் பட்டை பட்டையாகத் தீற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கே தங்குவது, எந்த வரிசையில் நிற்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்த நாட்களுக்குப் பிறகு, எந்த நிறம் எங்கே என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

கிளையில் பாதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பென்சில் கனத்தில் நறுக்கி, பட்டையை உரித்து, மூடியில் சிறு துளையிட்ட தகர டப்பாவில் நெருக்கி அடுக்கித் தீயில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கரி பற்றிச் சாம்பலாகிவிடும். அந்தக் கரிக்குச்சியால் கோடு போடலாம்.

அனா மெண்டியெத்தா என்ற கலைஞர் கியூபாவில் பிறந்து, 1961இல் பன்னிரண்டு வயதில் பெற்றோர் இல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். 1973 முதல் 1980 வரை மண்ணிலும் புல்லிலும் பூக்களிலும் தன் உடலின் வடிவத்தைப் பதித்து, அதை நீருக்கும் காற்றுக்கும் விட்டுவிட்டார். இன்று இருப்பவை புகைப்படங்களும் சிறு படச்சுருள்களும்தான். உங்கள் தாளையும் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும் என்றில்லை.

செய்யும்போது நெஞ்சு அடைத்தால் மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த வேலையை மண்ணும் கரியும் செய்யாது.