ரெகார்ட் பண்ண ட்ரம்ஸ், தவில் எல்லாம் மெலிசா கேக்குது, ப்ளக்இன் வெச்சு லேயர் பண்ணா சரியாகுமா?

நீங்க கேட்டது இது: வீட்டு ரூம்ல கிக், ஸ்னேர், தவில் மூணும் ரெகார்ட் பண்ணீங்க, தகரத்த தட்டுன மாதிரி வந்திருக்கு, ப்ளக்இன் (ரெகார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள சேத்துக்கிற சின்ன ப்ரோக்ராம்) மூலமா வேற சாம்பிள, அதாவது தனியா எடுத்து வெச்ச ஒத்த அடி சத்தத்த, அது கூட அடுக்குனா கனம் வருமா, எந்த ப்ளக்இன் வாங்கலாம்.

கனம் வரும். ஆனா எந்த ப்ளக்இன்ங்கிறத கடைசியா பேசுவோம், ஏன்னா நான் முதல்ல அதுலதான் போய் விழுந்தேன்.

காரைக்குடியில சின்ன ஸ்டுடியோ வெச்சிருக்கேன், பத்துக்குப் பத்து ரூம், சுவர் முழுக்க ஃபோம். மாசி பங்குனி வந்தா முத்துமாரியம்மனுக்கு பாட்டு போட்டுக் குடுங்கன்னு மீனாட்சிபுரம் பக்கத்துல இருந்து ஆளுங்க வந்துருவாங்க, பால்குடம் போற பாதை பூரா அந்தப் பாட்டு ஓடும். ஒரு வருஷம் ட்ரம் கிட், தவில், உறுமி மூணும் வெச்சு ஒரு பாட்டு பண்ணோம். ரெகார்டிங்ல எதிரொலியே இல்லாம ரூம் செத்துப்போய் இருந்ததால தவிலோட தொப்பி (கழியால அடிக்கிற இடது பக்கம்) சத்தம் அட்டப்பெட்டிய தட்டுன மாதிரி வந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா, அடி விழுறப்பல்லாம் சாம்பிள வாசிக்கிற ட்ரிகர் ப்ளக்இன் போட்டு தொப்பிக்கு பெரிய டிரைபல் ட்ரம் சாம்பிள ஏத்தி, மிக்ஸ் நாப்ப நூறு பர்சென்ட்ல வெச்சுட்டேன், அதாவது ஒரிஜினல் சத்தமே வெளிய வராது, முழுக்க சாம்பிள்தான். ஸ்பீக்கர்ல வெச்சா ரூமே அதிருது, எனக்கு ரொம்ப சந்தோஷம்.

வாசிச்ச தவில்காரர கூப்பிட்டு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். கண்ண மூடி முழுப் பாட்டையும் கேட்டாரு. கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, "சத்தம் நல்லா பெருசா இருக்கு தம்பி. ஆனா இது நான் வாசிச்சது இல்லையே"ன்னாரு. கோவமா சொல்லல, அதான் எனக்கு இன்னும் வலிச்சுச்சு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அவரு கழிய லேசாக்கிக்கிட்டே வந்து திடீர்னு ஏத்துற ஒரு எடம் இருக்கு, என் மிக்ஸ்ல அங்க பத்து அடியும் ஒரே பலத்துல வரிசையா நின்னுச்சு. அவரு கைய நான் அழிச்சிருந்தேன்.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான்: லேயர்னா ஒரிஜினலுக்கு அடியில விரிக்கிற பாய் மாதிரி, ஒரிஜினல எடுத்துட்டு அந்த எடத்துல உக்கார வெக்கிறது இல்ல. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பெரிய பெரிய ஆளுங்க எல்லாரும் பண்றதுதான். ரோஜர் நிக்கல்ஸ்ங்கிற என்ஜினியர் இதுக்குன்னே வெண்டெல்னு ஒரு மெஷின அவரே கட்டி, 1980ல வந்த ஸ்டீலி டான் ஆல்பத்துல பயன்படுத்தியிருக்காரு, அப்ப ப்ளக்இன்ங்கிற பேச்சே கிடையாது.

அடுத்து சாம்பிள் எங்க இருந்து எடுக்குறது. நெட்ல பேக் பேக்கா கிடைக்குது, கிக் ஸ்னேருக்கு அது போதும். தவிலுக்கு அப்படி எடுக்காதீங்க. ரெகார்டிங் முடிஞ்ச உடனே, மைக்க நகத்துறதுக்கு முன்னாடி, அதே தவில்ல அதே ஆள ஒத்த ஒத்த அடியா தட்டச் சொல்லுங்க, மெதுவா, நடுத்தரமா, பலமா, ரொம்ப பலமா, ஒவ்வொண்ணும் ஆறு அடி, ஒரு அடி முழுசா அடங்குன பிறகு அடுத்தது. மொத்தம் 24 சாம்பிள், பத்து நிமிஷ வேலை. தோல் வெயிலுக்கு ஒரு மாதிரி இறுகும், மழைக்கு ஒரு மாதிரி தளரும், அதனால அன்னைக்கு எடுத்ததுதான் அன்னைக்கு வாசிச்ச சுருதியோட ஒட்டும். ஆறு ஆறா எதுக்குன்னா ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தா மெஷின் கன் மாதிரி தெரியும், காது உடனே புடிச்சிரும். பலத்துக்கு நாலு வகை எதுக்குன்னா பலமா அடிச்சா சத்தம் மட்டும் கூடாது, நாதமே மாறும், மெதுவா அடிச்சத வால்யூம் ஏத்தி வெச்சா பலமா அடிச்ச மாதிரி ஆகவே ஆகாது.

இப்ப ட்ரிகர். ஒரு அளவுக்கு மேல சத்தம் குதிச்சா அத அடின்னு எடுத்துக்கிட்டு சாம்பிள விடும், அவ்வளவுதான் ப்ளக்இன் செய்யிறது. அதுக்கு கிக் எது பக்கத்துல கசியிற ஸ்னேர் எதுன்னு தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும். ட்ரிகருக்குப் போற சிக்னல மட்டும் ஃபில்டர் பண்ணுங்க, கிக்னா மேல எல்லாத்தையும் வெட்டி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ மட்டும் கேக்க விடுங்க, ஸ்னேர்னா கீழ வெட்டுங்க. அடுத்து ரீட்ரிகர் டைம், அதாவது ஒரு அடிக்கு அப்புறம் எவ்வளவு நேரம் காத மூடிக்கணும்ங்கிறது. 160 டெம்போல ஒரு பீட்டுக்கு நாலு அடி வாசிச்சா ரெண்டு அடிக்கு நடுவுல சுமார் 94 மில்லிசெகண்ட்தான் இருக்கும், அதனால 50 கிட்ட வெச்சா ஒரே அடிய ரெண்டா எண்ணாது, வேகமான அடியயும் விடாது. தவில்ல தொப்பிக்கு மட்டும் ட்ரிகர் போடுங்க. வலந்தலையில, அதாவது வலது பக்கத்துல, விரல்கூடு மாட்டி பொரிஞ்சு தள்ளுற எடத்துல எந்த ட்ரிகரும் முழிக்கும், அதோட அந்தப் பக்கம் ஏற்கனவே கூர்மையா இருக்கு, லேயரே வேண்டாம். உறுமிய தொடவே தொடாதீங்க, குச்சிய தோல்ல தேய்ச்சு இழுக்குற அந்த உறுமலுக்கு அடின்னு ஒரு ஆரம்பமே கிடையாது, ட்ரிகர் எத புடிக்கும்?

முக்கியமான எடம் ஃபேஸ், அதாவது ரெண்டு சத்த அலையும் ஒத்துப்போறது. நிறைய பேர் லேயர் பண்ணி இன்னும் மெலிசா ஆயிருச்சேன்னு சொல்றது இதனாலதான். ரெண்டு சத்தமும் ஒண்ணா மேல போய் ஒண்ணா கீழ வந்தா கூடும், ஒண்ணு மேல போகையில இன்னொண்ணு கீழ போனா ரெண்டும் அடிச்சுக்கிட்டு காணாமப் போகும். ஸ்னேரோட வயிறு 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்குன்னு வைங்க, வெறும் 2.5 மில்லிசெகண்ட் பிந்துனா போதும், அந்த வயிறு நேர் எதிரா விழுந்து காலி. 48 கிலோஹெர்ட்ஸ்ல ரெகார்ட் பண்ணியிருந்தா அது 120 புள்ளிதான், திரையில நல்லா பெருசாக்குனாத்தான் கண்ணுக்கே தெரியும். அதனால ட்ரிகர் ஆன லேயர ஆடியோவா மாத்திக்கங்க, ஒரிஜினலுக்கு நேர் கீழ வெச்சு பெருசாக்கிப் பாருங்க, முதல் அலை ரெண்டுலயும் ஒரே திசையில கிளம்புதா? இல்லன்னா அலைய தலைகீழாக்குற பொலாரிட்டி பட்டன திருப்புங்க. பிந்தியிருந்தா நகத்துங்க. அன்னைக்கு நான் பாட்டு முழுக்க ஒவ்வொரு தொப்பி அடியா உக்காந்து பாத்தேன், ராத்திரி ரெண்டு மணி ஆச்சு, ஆனா காலையில எழுந்து கேட்டா ஈக்யூ ஒண்ணுமே போடாம கனம் வந்திருந்துச்சு.

லேயர்ல எந்தப் பகுதிய விடணும்ங்கிறது கேக்குற எடத்தப் பொறுத்தது. எங்க ஊர்ல திருவிழாப் பாட்டு கூம்பு ஸ்பீக்கர்ல ஓடும். அதுல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் வராது, போன் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட அப்படித்தான். நீங்க 50 ஹெர்ட்ஸ்ல சப் லேயர் போட்டு ஸ்டுடியோவுல பூரிச்சுப் போகலாம், தெருவுல அது இல்லவே இல்ல. அதனால அடி லேயர்ல கொஞ்சம் சேச்சுரேஷன் போடுங்க, 60 ஹெர்ட்ஸ் கிக்குக்கு அது 120, 180, 240ன்னு மேல மேல துணைச் சத்தம் உண்டாக்கும், கீழ இருக்குறது வராட்டியும் காது தானா நிரப்பிக்கும். இன்னொரு லேயர்ல 3ல இருந்து 5 கிலோஹெர்ட்ஸ் மட்டும் விட்டு அந்த டிக் சத்தத்த குடுங்க. ஒரு லேயர் வயிறு, ஒரு லேயர் நுனி, நடுவுல ஒரிஜினல். மூணாவது லேயர் எனக்கு எப்பவும் தேவைப்பட்டதில்ல. அளவு தெரியணும்னா லேயர் ஃபேடர சைபர்ல இருந்து மெல்ல ஏத்துங்க, லேயரா தனியா காதுல விழ ஆரம்பிச்சா கொஞ்சம் இறக்குங்க, அப்புறம் ம்யூட் பண்ணிப் பாருங்க, ஏதோ ஒண்ண எடுத்துட்டாங்கன்னு தோணுனா அதான் சரியான அளவு.

செத்த ரூமுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கானாடுகாத்தான்ல தெரிஞ்ச ஆச்சி வீடு ஒண்ணு இருக்கு, திருவிழா, கல்யாணம்னாதான் பூட்டு திறக்கும். "உள்ள வந்து பலூன் உடைக்கணும் ஆச்சி"ன்னு கேட்டேன், "உடைச்சுட்டு பெருக்கிட்டுப் போ"ன்னு சாவியக் குடுத்துட்டாங்க. பட்டாலைங்கிற கூடத்துல ரெண்டு மைக் வெச்சு பலூன உடைச்சா, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசுன சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல்லு பாவுன தரை, எல்லாம் வழவழன்னு கண்ணாடி மாதிரி சத்தத்த திருப்பி அடிக்கும், தேக்குத் தூணுங்க அத அங்கங்க உடைச்சு விடும். அந்த ஒத்த டப் சத்தத்த வெட்டி கன்வல்யூஷன் ரிவெர்ப்ல (ஒரு எடத்தோட எதிரொலிய அப்படியே சேக்குற ப்ளக்இன்) ஏத்தினா எந்த சத்தமும் அந்தப் பட்டாலையில நின்னு வாசிச்ச மாதிரி ஆகும். ரீப்பர்ங்கிற ரெகார்டிங் சாஃப்ட்வேர்ல ரீவெர்ப்ங்கிற ப்ளக்இன் கூடவே வருது, அதுலயே ஏத்தலாம். ஒரிஜினல், லேயர் ரெண்டையும் அதே ரிவெர்புக்கு அனுப்புங்க, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிருங்க, ரெண்டும் ஒரே வீட்டுல இருக்குற மாதிரி ஒட்டிக்கும். இது வரைக்கும் நான் கேட்ட எந்த விலை கூடுன ரிவெர்பும் எங்க தவிலுக்கு இவ்வளவு பொருந்துனதில்ல.

இந்த மிக்ஸ தவில்காரர்கிட்ட திரும்பப் போட்டேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அந்த எடம் வந்தப்ப அவரு இடது கை தொடையில தானா தட்டிருச்சு, "ம், இங்க லேசாத்தான் விட்டேன்"ன்னாரு.

கடைசியா வாங்குறது. இப்ப ஒண்ணும் வாங்க வேண்டாம். ரீப்பர் 60 நாள் சும்மா ஓட்டலாம், அதுக்கு அப்புறம் தனி ஆளுக்கு லைசென்ஸ் 60 டாலர். அதுலயே ஆடியோ டு மிடி ட்ரம் ட்ரிகர்னு ஒண்ணு இருக்கு, அடியோட பலத்தையும் சேத்து மிடியா (எப்ப, எவ்வளவு பலமா அடிச்சாங்கங்கிற குறிப்பா) மாத்தும், அத ரீப்பரோட சாம்பிள் வாசிக்கிற ப்ளக்இன் ரீசாம்ப்ளோமேட்டிக்ல குடுத்து உங்க 24 சாம்பிளையும் அடியோட பலத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுருங்க. மேக்ல ஓடுற லாஜிக் சாஃப்ட்வேர் வெச்சிருந்தா ட்ரம் ட்ராக்க டபுள் பண்ற வசதி மெனுவுலயே இருக்கு. வாரம் நாலு பாட்டு வேலை வர ஆரம்பிச்சா அப்ப ஸ்லேட் ட்ரிகரோ அடிக்டிவ் ட்ரிகரோ வாங்குங்க, கசிவப் பிரிக்கிறதுல அதுங்க நேரத்த மிச்சம் பண்ணும். உங்க பாட்டுல முதல்ல ஸ்னேர எடுங்க, ஒரே ஒரு லேயர், அந்த முதல் அலைய நேர் பண்ணிட்டு கேட்டுப் பாருங்க.