வெயிலில் நீர்த்துப்போகும் சவர்டோ ஸ்டார்ட்டர்

கேள்வி: சேலத்தில் இருக்கிறோம். தினமும் காலையில் 50 கிராம் சவர்டோ ஸ்டார்ட்டரில் (ஈஸ்டுக்குப் பதிலாக பிரெட்டைப் பொங்கவைக்கும் புளித்த மாவு) 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் சேர்க்கிறேன். மதியத்துக்குள் பொங்கிவிடுகிறது, ராத்திரி தண்ணியாகி நெயில் பாலிஷ் வாடை அடிக்கிறது. பிரெட் தட்டையாகப் பரவுகிறது. இதே அளவில் ஏற்காட்டில் அக்காவுக்கு நன்றாக வருகிறதே, ஏன்?

பதில்: ஸ்டார்ட்டர் கெடவில்லை, பட்டினி கிடக்கிறது. சம அளவுக் கணக்கு ஏற்காட்டுக் குளிருக்குச் சரி. சித்திரை வெயிலில் சமையலறை 34 டிகிரி இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் மாவின் சத்து தீர்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் புளிப்புதான் ஏறும். அந்தப் புளிப்பில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) அறுந்து மாவு நீர்த்துப்போகும். அதைச் சேர்த்துப் பிசைந்தால் பிரெட் மாவும் இழுவை இல்லாமல்தான் இருக்கும்.

அளவை மாற்றுங்கள்: ஸ்டார்ட்டர் 5 கிராம், மைதாவும் கோதுமை மாவும் சரிபாதியாக 50 கிராம், ஃபிரிட்ஜ் தண்ணீர் 50 கிராம். காலையும் இரவும் இப்படி மூன்று நாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். அந்த 5 கிராம் போக மீதியாகும் பழைய ஸ்டார்ட்டரைக் கோதுமை தோசையில் கலக்கலாம். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் வடித்துவிட்டால் போதும். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால், பூஞ்சை பிடித்தால், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

ஸ்டார்ட்டரின் மேற்பரப்பு குவிந்து நிற்கும்போதே எடுத்துப் பிசைய வேண்டும். நடுவில் குழி விழுந்தால் நேரம் தாண்டிவிட்டது. தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பதை நம்ப வேண்டாம். கோதுமை மாவு கலந்தது நன்றாக இருந்தாலும் சிலசமயம் மூழ்கும்.

ஒரு பிரெட்டுக்கு மைதா 300, கோதுமை மாவு 100, குளிர்ந்த தண்ணீர் 270, ஸ்டார்ட்டர் 60, உப்பு 8 கிராம். அரை மணிக்கொரு தடவை, நான்கு முறை இழுத்து மடியுங்கள். பிசைந்ததும் ஓர் எலுமிச்சையளவு மாவை நேரான கண்ணாடி டம்ளரில் அமுக்கி, மட்டத்தில் கோடு போட்டு, பாத்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். அது ஒன்றரை மடங்கு ஆனதும் பெரிய மாவை உருட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். சேலத்தில் சுமார் நான்கு மணி நேரம். ஏற்காட்டில் எட்டுக்கு மேலும் ஆகும். இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருப்பதுதான் தட்டையாவதற்கு இன்னொரு காரணம். ஃபிரிட்ஜில் குளிரும்வரை மாவு பொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மறுநாள் ஓடிஜியில் (சிறிய மின்சார ஓவன்) கனமான மூடி போட்ட பாத்திரத்தையும் சேர்த்துச் சூடாக்கி, 230 டிகிரியில் மூடி 20 நிமிடம், திறந்து 20 நிமிடம். உள்சூடு 96 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. அக்காவிடம் மட்டும் 93 போதும் என்று சொல்லுங்கள்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95 டிகிரிவாக்கில் கொதித்துவிடும், அங்கே 96க்குக் காத்திருந்தால் பிரெட் வறண்டுபோகும்.