பயனீட்டாளர் கேள்வி-பதில்: சிறப்புப் பிள்ளைகளுக்கு டேப்லட் வாங்குமுன்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை. பேச்சு வராத பிள்ளை, படிக்கத் திணறும் பிள்ளை, அவர்களுக்காக வாங்கிய டேப்லட், செயலி, ஏமாற்றம். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் செயலியை டேப்லட்டில் போட்டுப் பழக்கும்படி ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்கிறார். “மெஷின் பேசினா பிள்ளை வாயே திறக்க மாட்டான்” என்கிறார் மாமியார். ஐபேட் வாங்குவதா, ஆண்ட்ராய்டு போதுமா?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: மாமியாரின் பயம் நியாயமான பயம்தான், ஆனால் ஆதாரம் வேறு மாதிரி இருக்கிறது. படம், கருவி வழியாகப் பேசப் பழகிய பிள்ளைகள், பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி அலசிய கட்டுரை ஒன்று 2006-ல் வெளிவந்தது. அதில் நம்பத் தகுந்தவை என்று எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் ஒருவருக்குக்கூட இருந்த பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளை “பாட்டி” என்ற படத்தைத் தொட்டு ஒரு முறை கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்து, டேப்லட்டைத் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் செயலி, பிறகுதான் அது ஓடும் கருவி. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்? தமிழ் என்றால், சென்னையில் உருவான ‘அவாஸ்’ செயலி தமிழில் பேசும். ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். பெயர்பெற்ற ‘புரோலோகுவோ டு கோ’ (Proloquo2Go) 2009 முதல் இருக்கிறது. நல்ல செயலிதான், ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும், தமிழ் கிடையாது, விலையும் ஏறத்தாழ 250 அமெரிக்க டாலர். தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் பழக்குகிறார் என்பதற்காக வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் பேசும் கருவியை வாங்கினால், அவன் தாத்தா பாட்டியிடம் எதைக்கொண்டு பேசுவான்? மருத்துவமனை அறையில் அரை மணி நேரம் பேசுவதற்கா இவ்வளவு செலவு? எதுவானாலும், வாங்குமுன் முயன்று பார்க்க நாட்கள் தந்தால் அவற்றை முழுதாகப் பயன்படுத்துங்கள். ரொட்டி சானாய், மைலோ, அவனுடைய செருப்பு, அக்காளின் முகம் என்று உங்கள் வீட்டுப் படங்களை நீங்களே எடுத்துச் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத செயலி வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் 229 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) டேப்லட் வாங்கினேன். 16 ஜிபி ராம், 1 டிபி கொள்ளளவு என்று போட்டிருந்தது. மகளின் கற்றல் செயலி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. விற்றவரின் பக்கம் இப்போது இல்லை.
– பிறை

பதில்: அந்த விலைக்கு அந்த அளவு வராது. விற்பவரின் பெயர், முகவரி, பதிவு எண் எதையும் பார்க்காமல் பணம் போட்டிருக்கிறீர்கள். வாங்கிய தளத்தில் உடனே புகார் கொடுங்கள். பொருள் கிடைத்தது என்று சொல்லி விற்றவருக்குப் பணத்தை விடுவிக்கும் பொத்தானை இன்னும் தொடாமல் இருந்தால் தொடாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் சந்தித்த ஒருவர் வீட்டுக்கே வந்து, “மூளைப் பயிற்சி” டேப்லட் ஒன்றைக் காட்டினார். என் மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு). ஆறு மாதத்தில் கவனம் சீராகும், மருந்தே வேண்டாம் என்றார். மாதம் 150 வெள்ளி, 36 மாதத் தவணை. கையெழுத்துப் போட்டு எட்டு நாளாகிறது. இப்போது மனம் உறுத்துகிறது.
– ஜெலுத்தோங்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம் இது; இன்னும் எத்தனை முறையானாலும் சொல்வேன்.

நம் மலேசியாவில் 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து விற்கப்படும் பொருளுக்கு, கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாய்ச்சொல் போதாது. ‘ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்’ என்று எழுதி, பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் “சரி அக்கா, பார்க்கிறேன்” என்று இழுத்துக்கொண்டே போவது இந்தப் பத்து நாளைக் கடத்துவதற்குத்தான்.

கெடு தாண்டிவிட்டதா? அப்போதும் கதவு மூடவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தத் தேவைக்கென்று சொல்லி வாங்கினீர்களோ அதற்குப் பொருள் உதவ வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம், எதிர்த்தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, விளம்பரத் தாள், எதையும் அழிக்காதீர்கள்.

மூளைப் பயிற்சி என்ற சொல்லுக்கு வருகிறேன். ‘லுமோசிட்டி’ என்ற அமெரிக்கச் செயலி, தன் விளையாட்டுகளை ஆடினால் பள்ளியிலும் வேலையிலும் திறமை கூடும், ஏடிஎச்டி போன்ற குறைபாடுகளின் தாக்கமும் குறையும் என்று விளம்பரம் செய்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுக் கூட்டரசு வாணிப ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் சமரசமானது. அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே காட்ட முடியாத ஆதாரத்தை, உங்கள் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனவர் காட்டுவாரா?

எனக்கு ஆத்திரம் வருவது விலையை நினைத்து அல்ல. இவர்கள் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரவு தூக்கம் இல்லாமல், ‘நாம் ஏதோ தவறு செய்துவிட்டோமோ’ என்று தவிக்கும் தாயிடம்தான் வருகிறார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் விற்பனையாளரை வாசலைத் தாண்ட விடாதீர்கள். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. கடிதம் அனுப்பிய ரசீதின் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு ஆசிரியை நான். மாணவர்கள் செயலியை விட்டு யூடியூப்புக்கு ஓடுகிறார்கள். பூட்டும் மென்பொருளுக்கு ஒரு கடையில் 180 வெள்ளி கேட்கிறார்கள்.
– பட்டர்வொர்த்

பதில்: காசு வேண்டாம் டீச்சர். ஐபேட்டில் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, அதில் ‘கைடட் ஆக்சஸ்’. ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’. இரண்டும் கருவியோடே வருகின்றன.

கேள்வி: டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) உள்ள பிள்ளைகளுக்கான விசேஷ எழுத்துரு என்று 120 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
– சுங்கை டுவா

பதில்: வேண்டாம். ‘ஓப்பன் டிஸ்லெக்சிக்’ எழுத்துரு இலவசம். அதனால் வாசிப்பு கூடுகிறது என்பதற்கே வலுவான ஆதாரம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி இடைவெளி விட்டுக் கொடுங்கள். அந்த 120-ஐ வாசிப்புப் பயிற்சி வகுப்புக்கு வையுங்கள்.

கேள்வி: செயலியை அழித்துவிட்டேன், மாதாமாதம் 39 வெள்ளி போய்க்கொண்டே இருக்கிறது.
– பாயான் லெப்பாஸ்

பதில்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர் கணக்கில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், இன்றே.

கேள்வி: பயன்படுத்திய ஐபேட் வாங்கலாமா? புதிதுக்கு வசதியில்லை.
– ஒரு தந்தை, ஜார்ஜ்டவுன்

பதில்: வாங்கலாம், ஐயா. ஆனால் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். அக்காள் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். அவளுக்காக 2021-ல் 480 ரிங்கிட்டுக்கு முதல் தலைமுறை ஐபேட் ஏர் வாங்கினேன். கீறல் இல்லை, பேட்டரி நன்றாக இருந்தது. வீட்டில் செயலியை இறக்கப் போனால் இறங்கவில்லை. அந்தக் கருவி ஐஓஎஸ் 12-க்கு மேல் போகாது; செயலிக்கு அதைவிடப் புதியது வேண்டும். “சாமான் நல்லாத்தானே இருக்கு” என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பிள்ளை இரண்டு நாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள். இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது.

ஆகவே, உங்களுக்கு வேண்டிய செயலியின் பெயரோடு கடைக்குப் போங்கள். ஆப் ஸ்டோரில் அதற்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கடைக்காரர் கண்முன்னே கருவியை முழுதாக அழித்து, புதிதாகத் தொடங்கி, உங்கள் கணக்கில் அந்தச் செயலியை இறக்கிப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கடவுச்சொல் கேட்டாலோ, ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ (கருவி இன்னும் ஏதோ ஒரு பள்ளி அல்லது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது) என்று வந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். “200 செயலி போட்டுத் தருகிறோம்” என்பதும் வேண்டாம். அவை கடைக்காரர் கணக்கில் இருப்பவை. ஒரு நாள் அழிந்தால் திரும்பி வராது. ‘ஏபி செட்’ (அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியானது) என்றால் உத்தரவாதம் யாருடையது, கடையா நிறுவனமா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்; பிள்ளைக்காக வாங்கிய டேப்லட்டையும் வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான விலக்கில், 2,500 ரிங்கிட் வரம்புக்குள் சேர்க்கலாம்.

கேள்வி: பேத்தி டேப்லட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். பழுதுபார்க்க மூன்று வாரமாம். அதுவரை அவளால் ஒன்றும் கேட்க முடியவில்லை, தரையில் உருண்டு அழுகிறாள்.
– ஒரு தாத்தா, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், ஐயா. உங்கள் மகளின் கைப்பேசியில் அதே கணக்கில் நுழைய முடிந்தால் செயலியை இன்றே அதில் இறக்கச் சொல்லுங்கள். சேமித்து வைத்த சொற்பக்கங்கள் இருந்தால் திரும்ப வரும். முடியாவிட்டால், அவள் அதிகம் தொடும் படங்களைத் தெரபிஸ்ட்டிடம் கேட்டு, திரையில் இருந்த அதே வரிசையில் ஏ4 தாளில் அச்சடியுங்கள். தண்ணீர், பசி, கழிப்பறை, வலி, வேண்டாம், பாட்டி, தாத்தா. பக்கத்து நகல் கடையில் லேமினேட் செய்ய இரண்டு மூன்று ரிங்கிட்தான் ஆகும். ஒன்று வீட்டில், ஒன்று பள்ளிப் பையில். டேப்லட் திரும்பி வந்த பிறகும் பையில் இருப்பதை எடுக்காதீர்கள்.