கோன்டேயின் 3-4-3 வியூகம் வெறும் தற்காப்பு ஆட்டம்தானா?

பின்னால் ஐந்து பேரை நிறுத்தித்தான் 2016-17இல் பயிற்சியாளர் கோன்டேயின் செல்சி கால்பந்து அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையை வென்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பருவத்தின் ஆட்டங்களை நீங்கள் முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். செல்சி ரசிகன் சப்பைக்கட்டு கட்டுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும்; சொல்லட்டும். லீக்கில் அந்த அணி அடித்தவை 85 கோல்கள்.

2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிய பிறகு, இரண்டாம் பாதியில் ஃபாப்ரிகாஸை வெளியே அழைத்து மார்கோஸ் அலோன்சோவை இறக்கிய கோன்டே, மூவர் தடுப்புக்கு, அதாவது மூன்று தடுப்பாட்டக்காரர்கள், நான்கு நடுக்கள ஆட்டக்காரர்கள், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள் கொண்ட 3-4-3க்கு மாறினார். அடுத்த ஆட்டத்திலிருந்து லீக்கில் தொடர்ந்து 13 வெற்றிகள். பந்து செல்சி வசம் இருக்கும்போது அலோன்சோவும் விக்டர் மோசஸும் எல்லைக்கோட்டை ஒட்டி மேலேறுவார்கள். ஹசார்டும் பெட்ரோவும் உள்ளே நகர்ந்து டியாகோ கோஸ்டாவோடு சேர்வார்கள். எதிரணியின் நான்கு தடுப்பாட்டக்காரர்கள் ஐவரைச் சமாளிக்க வேண்டும். ஹசார்டைப் பிடிக்க ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாட்டக்காரர்) உள்ளே போனால் அலோன்சோ தனியாக நிற்பார். போகாவிட்டால் ஹசார்ட் திரும்பிவிடுவார்.

இதை நான் சற்று உரக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லூரி அணியில் வலது விங்கில் ஆடிக்கொண்டிருந்த என்னை, எங்கள் பயிற்சியாளர் இதே வியூகத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் தாக்கவும் தடுக்கவும் ஓடும் விங் பேக் ஆக்கினார். மோசஸ் துணிந்து முன்னேற முடிந்ததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் இயல்பிலேயே ஃபுல் பேக்கான (ஓரத் தடுப்பாட்டக்காரரான) அஸ்பிலிக்வேட்டா இருந்ததும், கான்டேயும் மாட்டிச்சும் நடுவில் காவல் காத்ததும்தான். எனக்குப் பின்னால் இருந்தவரோ பெனால்டி பாக்ஸை விட்டு ஓர் அடி நகராத உயரமான ஸ்டாப்பர். பந்து பறிபோகும் ஒவ்வொரு முறையும் என் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்திற்குத்தான் எதிரணி பந்தை உதைத்தது. திட்டு மட்டும் எனக்கு. மேலும், முந்தைய பருவத்தில் பத்தாவது இடத்தில் முடித்ததால் செல்சிக்கு ஐரோப்பியப் போட்டிகளே இல்லை, வார நடுவில் ஓய்வும் பயிற்சியும் கிடைத்தன. நாங்கள் போட்டித் தொடர்களில் அடுத்தடுத்த நாள் ஆடினோம். இரண்டாம் நாள் எந்த விங் பேக்கின் கால் ஓடும்?

இந்த வியூகத்திற்குப் பலவீனமே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2017 ஜனவரி 4 அன்று டாட்டன்ஹாம் அணியின் பயிற்சியாளர் பொச்செட்டினோவும் மூவர் தடுப்பையே நிறுத்தினார். எரிக்சன் தூக்கிக் கொடுத்த இரண்டு பந்துகளையும் டெலி அல்லி, உயரம் குறைந்த அஸ்பிலிக்வேட்டா இருந்த பக்கத்தில் எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினார். வெற்றித்தொடர் அங்கே அறுந்தது. ஆனால் பத்து நாள் கழித்து, கோஸ்டா இல்லாமல் லெஸ்டர் மண்ணில் 3-0 என்று வென்றபோது முதல் இரண்டு கோல்களையும் அடித்தவர், நீங்கள் தடுப்பாட்டக்காரர் கணக்கில் சேர்த்துவிட்ட அந்த அலோன்சோதான்.