ஆச்சியின் ரேந்தைப் பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

கைவேலைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் ஆச்சி நாகர்கோவிலில் மிஷன் பள்ளியில் படித்தபோது ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றவர். அவர் காலமான பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். உருளைத் தலையணை, நூல் சுற்றிய 48 மரக்குச்சிகள், துளை போட்ட பழுப்பு அட்டைகள், குண்டூசிகள். தலையணைமேல் பாதியில் நிற்கும் ரேந்தை. பேரப்பிள்ளைகள் நாங்கள் நால்வர். ஆளுக்குப் பன்னிரண்டு குச்சியாகப் பிரித்து, ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்கிறான் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. சித்திக்கு மட்டும் இன்னும் பின்னத் தெரியும். என்ன செய்யட்டும்?

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

பிரிக்க வேண்டாம். காரணத்தை நான் சொல்கிறேன், அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள்.

ரேந்தைக் குச்சிகள் ஜோடி போட்டு வேலை செய்பவை. ஒரே நூலின் இரு முனைகளும் இரண்டு குச்சிகளில் சுற்றப்பட்டிருக்கும். இரண்டு ஜோடியை எடுத்து, நூல்களைக் குறுக்கே மாற்றிப்போட்டு, முறுக்கி, அட்டையின் துளையில் குண்டூசி குத்தி நிறுத்துவார்கள். எத்தனை பெரிய பூவேலைக்கும் மாற்றுவது, முறுக்குவது என்ற இந்த இரண்டு அசைவுகள்தான் அடிப்படை. அண்ணனுக்குக் கிடைக்கப்போவது ஆறு ஜோடி. அதை வைத்து ஒல்லியாக ஒரு நாடா பின்னலாம், அவ்வளவுதான். 24 ஜோடியும் சேர்ந்திருந்தால் கைக்குட்டைக்கோ மேசைவிரிப்புக்கோ நல்ல அகலமான ஓரமே போடலாம்.

உண்மையில் நான் கவலைப்படுவது அட்டைகளைப் பற்றி. குச்சியை எந்தத் தச்சரும் கடைந்து தந்துவிடுவார். டிசைன் முழுவதும் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. முதல் வேலையாக எல்லாவற்றையும் அதே அளவில் நகலெடுத்து நால்வரும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் ஆசை உள்ளவர் நகலை மாட்டட்டும். (அண்ணன் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.)

இந்தப் பெட்டியின் பழைய கதையும் தெரிந்திருப்பது நல்லது. 1819இல் நாகர்கோவிலுக்கு மிஷனரிகளாக வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட், சில ஆண்டுகளிலேயே மிஷன் பள்ளிப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது இந்த வேலையையும் அங்கே கொண்டுபோனார். இதை மிஷனின் தயாளமாக மட்டும் சொல்லி முடிப்பது எனக்குப் பிடிக்காது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர், ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் குனிந்து உட்கார்ந்து பின்னியது இதே மாதிரித் தலையணையின் மேல்தான்.

சரி, இப்போது பாதி ரேந்தைக்கு வருவோம். குண்டூசிகள் துருப்பிடித்திருந்தால் நூலில் கறை ஏறும். மொத்தமாகப் பிடுங்கிவிடாதீர்கள், பின்னல் தளர்ந்துபோகும். ஒவ்வொன்றாக மெல்லத் திருகி எடுத்து, அதே துளையில் துருப்பிடிக்காத ஊசியைக் குத்துங்கள். பின்னி முடித்த துண்டுகள் இருந்தால் மடிக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். கஞ்சி போடவே கூடாது, பூச்சி வந்துவிடும்.

அப்புறம், சித்தி. அவர் பின்னும்போது தோளுக்குப் பின்னாலிருந்து கைகளை வீடியோ எடுங்கள். எதிரே நின்று எடுத்தால் பிறகு பார்த்துப் பழகும்போது இடம் வலம் குழம்பும். ஆச்சி நிறுத்திய இடத்திலிருந்தே அவரைத் தொடரச் சொல்லுங்கள். பழைய நூல் இழுத்தால் அறும். அதே பருமனில் புது நூல் வாங்கி ஒட்டுப்போட வேண்டியிருக்கும். ஒருவர் இழுப்பு இன்னொருவருக்கு வராது என்பதால் கை மாறிய இடம் தெரியத்தான் செய்யும். தெரியட்டும்.

பெட்டி யாருக்கு என்று கேட்டால், சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவருக்கு. அது உங்கள் அண்ணனாகவே இருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா